காது நரம்பில் கட்டி: யாரிடம் போவது, என்ன கேட்பது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 47 வயது. திண்டுக்கல் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு வருடமாக வலது காது மந்தமாகி வருகிறது. போனை அந்தக் காதில் வைத்தால் சத்தம் வருகிறது, பேச்சு புரிவதில்லை. எந்நேரமும் 'ஙொய்' என்று இரைச்சல். இருட்டில் நடந்தால் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. அழுக்கு எடுத்தார்கள், சொட்டு மருந்து விட்டார்கள், நரம்புச் சத்து மாத்திரை எட்டு மாதம் சாப்பிட்டேன். கடைசியில் ஒரு இ.என்.டி. டாக்டர் ஆடியோகிராம் எடுத்தார். வலது காதில் 58 டெசிபல், பேச்சைப் பிரித்தறிவது 36 சதவீதம். இடது காது சரியாக இருக்கிறது. பிறகு மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்ததில் காது நரம்பில் 18 மி.மீ. கட்டி, 'மூளைத்தண்டைத் தொடுகிறது, தள்ளவில்லை' என்று வந்திருக்கிறது. ஒரு நியூரோ சர்ஜன் உடனே ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் காமா நைஃப் போதும் என்கிறார். சொந்தக்காரர்கள், 'ஆபரேஷன் செய்தால் வாய் கோணிவிடும், சித்த மருந்தில் கரைத்துவிடலாம்' என்கிறார்கள். இது புற்றுநோயா? காது திரும்பக் கேட்குமா? எதைச் செய்வது? நம் பக்கத்தில் யாரிடம் போவது?

பதில்: சகோதரி, முதல் இரண்டு கேள்விக்கும் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். இது புற்றுநோய் இல்லை. போன கேட்கும் திறன் திரும்பாது. இரண்டாவது பதில் கசப்பானதுதான். ஆனால் உங்கள் விஷயத்தில் மற்ற முடிவுகளைக் கொஞ்சம் எளிதாக்குவதும் அதுதான்.

இந்தக் கட்டிக்கு அக்கூஸ்டிக் நியூரோமா (கேட்கும் நரம்பின் நரம்பிழைக் கட்டி) என்று ஒரு பழைய பெயர் உண்டு; அதில் இரண்டு சொல்லுமே பொருந்தாது. இது பெரும்பாலும் கேட்கும் நரம்பில் தொடங்குவதில்லை; நியூரோமா வகையும் அல்ல. உள்காதிலிருந்து மூளைக்குப் போகிற எட்டாவது நரம்பில் கேட்பதற்கு ஒரு பகுதியும், உடம்பின் சமநிலைக்கு இன்னொரு பகுதியும் உண்டு. சமநிலைப் பகுதியைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்கள் மெதுவாகப் பெருகி உருண்டையாவதுதான் இந்தக் கட்டி. அதனால்தான் இப்போது வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்று எழுதுகிறோம். வருடத்துக்கு லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வருவது. வேறு உறுப்புக்குப் பரவாது. பயாப்சி தேவையில்லை, மருந்து ஏற்றிய எம்.ஆர்.ஐ. படமே அநேகமாகப் போதும்.

சிக்கல் அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள எலும்புக் குழாய் ஒன்றின் வழியாக இந்த நரம்பு போகிறது. அதே குழாயில் முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பும் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. 'வாய் கோணிவிடும்' என்று உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வது வெறும் வதந்தி அல்ல, அந்தப் பயத்துக்கு அடிப்படை இதுதான். கட்டி வளரும்போது முக நரம்பு மெல்ல மெல்ல நீண்டு கொடுத்துவிடும், கட்டியால் மட்டும் முகம் கோணுவது அபூர்வம். சிறிய கட்டி இருந்தும் முகம் கோணியிருந்தால் அது முக நரம்பிலேயே வந்த வேறு கட்டியா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு வருடம் போனதற்கு உங்களை நொந்துகொள்ள வேண்டாம். ஒரு காதில் மட்டும் மந்தம், அந்தக் காதில் மட்டும் இரைச்சல் என்றால் காரணம் தெரியும் வரை எம்.ஆர்.ஐ. வரை போவதுதான் முறை. நடைமுறையில் அழுக்கு, சளி, நரம்புத் தளர்ச்சி என்று நாள் கழிந்துவிடுகிறது. நரம்புச் சத்து என்று தரும் பி12 மாத்திரை இந்தக் கட்டியை எதுவும் செய்யாது, இனி வேண்டாம். உங்களைப் போன்ற அறிகுறி உள்ள யாருக்காவது 'பெரா' என்ற மூளைத்தண்டு ஒலிச் சோதனையோ சாதாரண சி.டி. ஸ்கேனோ எடுத்து 'ஒன்றுமில்லை' என்று சொல்லியிருந்தால் அதை நம்பி விட்டுவிடக் கூடாது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகள் இரண்டிலுமே தப்பிவிடலாம்.

36 சதவீதம் என்பதன் பொருள்

உங்கள் கடிதத்தில் அளவைவிட முக்கியமான எண் இது. 58 டெசிபல் என்பது சத்தம் எவ்வளவு கூட்டினால் கேட்கிறது என்பதைச் சொல்கிறது. 36 சதவீதம் என்பது, போதிய சத்தத்தில் நூறு சொல் சொன்னால் முப்பத்தாறைத்தான் சரியாகத் திருப்பிச் சொல்ல முடிகிறது என்பதை. சத்தம் கேட்டும் சொல் புரியாமல் போவது நரம்புக் கோளாறின் அடையாளம். போனில் உங்களுக்கு நடந்தது அதுதான்.

கேட்கும் திறன் இழப்பு 50 டெசிபலுக்குள், பேச்சுப் பிரித்தறிதல் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அந்தக் காதை 'பயன்படும் காது' என்று கணக்கில் வைப்போம். உங்கள் வலது காது அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. எனவே 'காதைக் காப்பாற்றுவதற்காக' என்று சொல்லி யாராவது உங்களை ஆபரேஷனுக்கோ கதிர்வீச்சுக்கோ அவசரப்படுத்தினால் அந்தக் காரணம் உங்களுக்குப் பொருந்தாது. இனி காப்பாற்ற வேண்டியவை மூன்று: முகம், மூளைத்தண்டு (மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் பகுதி), இடது காது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் யார் சொல்வதையும் எடைபோட முடியும்.

அடுத்தது 18 மி.மீ. இந்த எண்ணை எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்று கேளுங்கள். எலும்புக் குழாய்க்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்து அளப்பவர்கள் உண்டு, குழாய்க்கு வெளியே மூளைப்பக்கம் நீட்டியிருப்பதை மட்டும் அளப்பவர்களும் உண்டு. ஒரே கட்டி ஒரு ரிப்போர்ட்டில் 18, இன்னொன்றில் 10 என்று வரலாம். கட்டி சுருங்கிவிட்டது, வளர்ந்துவிட்டது என்று வீட்டில் குழப்பம் வருவது பெரும்பாலும் இப்படித்தான். மூளைத்தண்டைத் தொடுகிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு வெளிப்பகுதியை மட்டும் அளந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கூஸ் என்ற நான்கு படி அளவுகோலில் இது மூன்றாவது படி. குழாய்க்குள்ளேயே இருந்தால் முதல் படி, வெளியே எட்டிப்பார்த்தால் இரண்டு, மூளைத்தண்டைத் தொட்டால் மூன்று, தள்ளினால் நான்கு. மூன்றிலிருந்து நான்குக்குப் போகிற இடைவெளிதான் உங்களுக்கு இருக்கும் அவகாசம்.

ரேடியாலஜிஸ்டிடம் இன்னும் இரண்டு விவரம் கேட்டு எழுதி வாங்குங்கள். கட்டி கெட்டியாக இருக்கிறதா, உள்ளே நீர்ப்பை இருக்கிறதா? நீர்ப்பை உள்ள கட்டி திடீரென்று பெருகக்கூடியது, காத்திருப்பதற்கு ஏற்றதல்ல. மூளையின் நான்காவது அறை நசுங்காமல், மூளைநீர் தேங்காமல் இருக்கிறதா? தேங்கியிருந்தால் இந்தக் கடிதத்தின் மீதிப் பகுதி உங்களுக்கு இல்லை, அந்த வாரமே மருத்துவமனை.

ஏன் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்?

இருவருமே பொய் சொல்லவில்லை. மூன்று சென்டிமீட்டருக்கு மேற்பட்ட, மூளைத்தண்டைத் தள்ளும் கட்டிக்கு ஆபரேஷன்தான் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. குழாய்க்குள்ளேயே இருக்கும் சின்னக் கட்டியைப் பெரும்பாலும் கவனித்துக்கொண்டே இருப்போம். உங்களுடையது இடையில் இருக்கிறது. இந்த அளவில் கவனிப்பு, கதிர், ஆபரேஷன் என்ற மூன்று வழியும் செல்லும். அப்படிப்பட்ட இடத்தில் நோயாளி எந்தக் கதவை முதலில் தட்டினார் என்பதே சிகிச்சையைத் தீர்மானித்துவிடுகிறது. கத்தி பிடிப்பவர் கத்தியைச் சொல்வார், கதிர் வைத்திருப்பவர் கதிரைச் சொல்வார். ஆகவே இரண்டும் ஒரே இடத்தில் செய்யும் அல்லது இரண்டு துறையும் சேர்ந்து உட்கார்ந்து படம் பார்க்கும் மையத்தில் ஒரு கருத்து வாங்குங்கள் என்பதுதான் என் முக்கியமான ஆலோசனை.

கவனித்துக்கொண்டிருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. முதல் எம்.ஆர்.ஐ.யிலிருந்து ஆறு மாதத்தில் அடுத்தது, பிறகு ஐந்து வருடம் வரை ஆண்டுக்கு ஒன்று, அப்புறம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போகலாம். கட்டிகள் சராசரியாக வருடத்துக்கு ஒன்றிரண்டு மி.மீ. வளரும் என்பார்கள். சராசரி இங்கே ஏமாற்றும். பாதிக்கு மேற்பட்டவை பல வருடம் அப்படியே கிடக்கும், சில மட்டும் வேகமாக வளரும். எது எந்த வகை என்பதை முதல் படம் சொல்லாது, இரண்டாவது படம்தான் சொல்லும். ஒரு மி.மீ. கூடியதை வளர்ச்சி என்று எடுக்கக் கூடாது, தலை சற்றுச் சாய்ந்திருந்தாலே அந்த வித்தியாசம் வரும். இரண்டு மி.மீ.க்கு மேல் கூடினால்தான் வளர்ச்சி. அதற்கு இரண்டு படமும் ஒரே வகை மெல்லிய துண்டுகளாக, முடிந்தால் ஒரே இயந்திரத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

நார்வேயின் பெர்கன் நகர மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்கள் நிலைக்கு நேராகப் பொருந்துகிறது. இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த, புதிதாகக் கண்டுபிடித்த கட்டியுள்ள 100 பேர். பாதிப் பேருக்கு உடனே கதிர் அறுவை (காமா நைஃப் போன்ற கதிர் சிகிச்சை), பாதிப் பேருக்குக் கவனிப்பு மட்டும். நான்கு வருடத்தில் கவனிப்புக் குழுவில் 50 பேரில் 22 பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது, 28 பேர் எதுவும் செய்யாமலே இருந்தார்கள். உடனே கதிர் வைத்தவர்களின் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. ஆனால் கேட்கும் திறனிலோ தலைசுற்றலிலோ இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கதிர் கட்டியை அடக்கும், அறிகுறியைப் போக்காது என்று இதைப் படிக்கலாம்.

கதிர் அறுவை

காமா நைஃப் என்ற பெயரில் நைஃப் இருந்தாலும் கத்தி கிடையாது. தலையில் நான்கு இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு உலோகச் சட்டத்தைத் திருகுவார்கள். ஊசி போடும் அந்தச் சில நிமிடம்தான் வலி. சட்டத்தோடு எம்.ஆர்.ஐ., பிறகு கணினியில் திட்டம், பிறகு ஒரே தடவையில் சுமார் ஒரு மணி நேரம் கதிர். 192 கோபால்ட் மூலங்களிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் கட்டியில் மட்டும் குவிகின்றன. கட்டியின் ஓரத்துக்கு 12 முதல் 13 கிரே (கதிரை அளக்கும் அலகு). முன்பு கூடுதல் அளவு கொடுத்த காலத்தில் முக நரம்பு பாதிப்பு அதிகமாக இருந்தது. இந்த அளவுக்கு இறக்கிய பிறகுதான் அது நூற்றில் ஒன்றிரண்டாகக் குறைந்தது. எனவே 'எத்தனை கிரே?' என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, கேட்டே ஆக வேண்டிய கேள்வி. சைபர் நைஃப், லினாக் இயந்திரங்களில் சட்டத்துக்குப் பதில் முகமூடி. ஒரே தடவையாகவோ மூன்று முதல் ஐந்து தடவையாகவோ கொடுப்பார்கள். இயந்திரத்தின் பிராண்டைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். திட்டம் போடும் குழு வருடத்தில் எத்தனை காது நரம்புக் கட்டிக்குப் போட்டிருக்கிறது என்பதே முக்கியம்.

நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு வளர்ச்சி நின்றுவிடும். கட்டி மறையாது, படத்தில் வாழ்நாள் முழுக்க இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் எடுக்கும் படத்தில் கட்டி சற்று ஊதியது போலத் தெரியலாம், நடுவில் கறுத்துமிருக்கும். உள்ளே செல்கள் சாவதால் வரும் வீக்கம் அது. அந்தப் படத்தைப் பார்த்துப் பதறி ஆபரேஷனுக்கு ஓடியவர்கள் உண்டு. உடனே கத்தி எடுக்காமல், அடுத்த படம் வரை பொறுப்பதே பெரும்பாலும் சரி. கதிர் வைத்த கட்டி பின்னால் வளர்ந்து ஆபரேஷன் தேவைப்பட்டால் முக நரம்பு ஒட்டிப்போயிருக்கும், பிரிப்பது கடினம் என்பது இதன் உண்மையான குறை. கதிரால் கட்டி புற்றாக மாறுவது கேள்விப்படாததல்ல, ஆனால் பல ஆயிரத்தில் ஒன்று.

ஆபரேஷன்

காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் ஒரு சின்னச் சாளரம் திறந்து போவது நியூரோ சர்ஜன்கள் அதிகம் செய்யும் வழி. உள்காதின் வழியாகவே எலும்பைக் குடைந்து போவது இன்னொரு வழி, டிரான்ஸ்லேபிரிந்தைன் என்பார்கள். இரண்டாவதில் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போய்விடும். ஆனால் சிறுமூளையை ஒதுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, முக நரம்பை ஆரம்பத்திலேயே அடையாளம் காணலாம். பயன்படாத காது என்பதால் இந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது. முடிவைச் சுலபமாக்கும் என்று முதலில் சொன்னது இதைத்தான். இதற்கு நியூரோ சர்ஜனும் காது அறுவையில் தேர்ந்த இ.என்.டி. நிபுணரும் சேர்ந்து நிற்க வேண்டும். குடைந்த குழியை வயிற்றிலிருந்து எடுத்த கொழுப்பால் அடைப்பார்கள், ஆகையால் வயிற்றில் ஒரு சின்னத் தழும்பும் இருக்கும். அந்தக் காதில் சீழ் வடிகிற நோய் இருந்தால் முதலில் அதைக் காய வைக்க வேண்டும்.

ஆறு மணி நேரத்துக்குக் குறையாத ஆபரேஷன். முகத் தசைகளில் மெல்லிய ஊசி முனை பதித்து நரம்பைத் தொட்டால் ஒலி எழுப்பும் மானிட்டர் கட்டாயம் வேண்டும். அது இல்லாத இடத்தில் இந்த ஆபரேஷனை ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் அளவுக் கட்டியில், அனுபவமுள்ள கைகளில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு முகம் இயல்பாகவோ அதற்கு மிக அருகிலோ இருக்கும். மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் இந்தக் கணக்கு வெகுவாக இறங்கிவிடும். அதனால்தான் இப்போது பல சர்ஜன்கள் நரம்பில் ஒட்டியிருக்கும் கட்டியின் மெல்லிய தோலை விட்டுவிட்டு, அது வளர்ந்தால் கதிர் வைக்கிறார்கள். 'முழுக்க எடுத்துவிடுவோம்' என்று சொல்கிறவரைவிட 'நரம்பில் ஒட்டியிருந்தால் கொஞ்சம் விட்டுவிடுவேன்' என்று சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு மூளைநீர் கசியும். காயத்தின் வழியாக மட்டுமல்ல, மூக்கு வழியாகவும் வரும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டினாலோ தொண்டையில் உப்புக் கரித்தாலோ ஜலதோஷம் என்று விட்டுவிடாதீர்கள். மூளைக்காய்ச்சலுக்கு வழி அது. அன்றே திரும்பிப் போக வேண்டும். முதல் சில நாள் தலைசுற்றல் கடுமையாக இருக்கும், வாந்தி வரும். பள்ளிக்கு இரண்டு மூன்று மாதம் விடுப்பு என்று கணக்கு வையுங்கள்.

முகம் தளர்ந்தால் முதலில் காப்பாற்ற வேண்டியது கண். மூடாத கண் ஒரே இரவில் காய்ந்து கருவிழியில் புண் வரும். பகலில் ஒன்றிரண்டு மணிக்கு ஒரு தடவை கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டுவது. அதோடு கண் மரத்தும் போயிருந்தால் வலியே தெரியாது, அது இரட்டை ஆபத்து. கண் டாக்டரை அந்த வாரமே பார்க்க வேண்டும். முகத்துக்குக் 'கரண்ட்' வைப்பதைவிடக் கண்ணாடி முன் மெதுவாகச் செய்யும் முகப் பயிற்சி நல்லது. ஒரு வருடம் வரை அசைவே வராவிட்டால் நாக்கு நரம்பையோ மெல்லும் தசையின் நரம்பையோ முக நரம்போடு இணைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டால் தசை மெலிந்து அது பயன்படாமல் போகும்.

உங்களை நேரில் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை மறக்காதீர்கள். கட்டியில் நீர்ப்பை இல்லை, கன்னம் மரக்கவில்லை, மூளைநீர் தேங்கவில்லை என்றால் ஆறாவது மாதப் படம் வரை பொறுப்பது நியாயமானது. அதில் வளர்ந்திருந்தால் அதற்குமேல் காத்திருக்க வேண்டாம். 47 வயதில் மூளைத்தண்டைத் தொட்டுக்கொண்டு வளரும் கட்டிக்கு முன்னால் இன்னும் முப்பது நாற்பது வருடம் இருக்கிறது. அப்போது கதிரா கத்தியா என்பதில் உங்கள் விருப்பத்துக்கு நிறைய இடம் உண்டு. கட்டி உள்ளே இருக்கிறது என்ற நினைப்பே தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் ஆபரேஷன் பக்கம் சாயலாம். முகத்துக்கு ஆபத்து முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்றால் கதிர்.

எங்கே போவது?

திண்டுக்கல்லிலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைதான் பக்கம். நியூரோ சர்ஜரி பிரிவு இருக்கிறது. முதல் பரிசோதனைக்கும், பின்னால் அவசரம் என்றால் ஓடுவதற்கும் அங்கே ஒரு பதிவு இருப்பது நல்லது. சிகிச்சை முடிவுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தூரம் போங்கள்.

வேலூர் சி.எம்.சி. நாட்டிலேயே முதல் நியூரோ சர்ஜரி துறை 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்ட இடம். காட்பாடியில் இறங்க வேண்டும். சில துறைகள் ராணிப்பேட்டை வளாகத்துக்கு மாறியிருப்பதால் அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிலையம் மத்திய அரசுடையது. உள்ளூர் டாக்டரின் பரிந்துரைக் கடிதத்தோடு போக வேண்டும். காமா நைஃப் பற்றி அதைச் செய்கிறவர்களிடமே கேட்க வேண்டும் என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ். அங்கே கதிரும் கத்தியும் ஒரே கூரையில் இருப்பதால், எந்தப் பக்கமும் சாயாத கருத்துக்கு உங்களுக்கு நான் முதலில் சொல்வது அதுதான். சென்னையில் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை; டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் நியூரோ சர்ஜரியைத் தொடங்கிய இடம், செலவு பெரும் பிரச்சினை என்றால் அதுவே வழி. சைபர் நைஃப் சென்னை அப்போலோவில் 2009 முதல் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் நியூரோ சர்ஜரி உண்டு.

குறிப்பிட்ட டாக்டரின் பெயர் கேட்டிருந்தீர்கள், கொடுக்கப் போவதில்லை. ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், கேள்விகள் மாறாது. போன வருடம் இந்தக் கட்டிக்கு எத்தனை ஆபரேஷன் செய்தீர்கள்? என் அளவுக் கட்டியில் உங்களிடம் எத்தனை பேருக்கு ஒரு வருடம் கழித்தும் முகம் கோணலாக இருந்தது? கசிவு எத்தனை பேருக்கு? கட்டியைப் பிரிப்பது நீங்களா, உதவியாளரா? இரவு இரண்டு மணிக்கு ரத்தக்கசிவு என்றால் ஸ்கேனும் சர்ஜனும் இருப்பார்களா? கதிர் வைக்கும் குழு என் படத்தைப் பார்த்ததா? வருடத்துக்கு இரண்டு மூன்று என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். கேள்வியே எரிச்சலூட்டினால் அதுவும் ஒரு பதில்தான்.

போகும்போது எம்.ஆர்.ஐ. பிலிம் மட்டும் போதாது. டைகாம் என்ற கணினிப் பட வடிவில் சி.டி. அல்லது பென் டிரைவ் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போனால் மறுபடியும் மருந்து ஏற்றி எடுக்கச் சொல்வார்கள். ஆடியோகிராமின் அசல், பேச்சுப் பிரித்தறிதல் எண்ணோடு. கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை), சர்க்கரை அளவு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். கண்ணாடி முன் நின்று சிரித்து, கண்ணை மூடி, புருவம் தூக்கி மூன்று போட்டோ எடுத்து வையுங்கள், சிகிச்சைக்கு முன் முகம் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

செலவுக்கு: அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசு ஊழியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். சம்பளப் பட்டியலில் பிடித்தம் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். அடையாள அட்டையோடு போய், நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனை அந்தப் பட்டியலில் உள்ளதா, இந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதி கிடைக்குமா என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். பிற மாநில மருத்துவமனை என்றால் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். வேறு வாசகர்களுக்கு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. கதிர் அறுவைக்குத் தொகை கேட்கும்போது திட்டமிடும் எம்.ஆர்.ஐ.யும் தொடர் எம்.ஆர்.ஐ.களும் அதில் சேர்ந்ததா என்று கேட்க மறக்காதீர்கள்.

இப்போதைக்கு

தலைசுற்றலுக்குப் பீட்டாஹிஸ்டின், சின்னரிசின், புரோகுளோர்பெரசின் என்று மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் கேட்டு நிறுத்தப் பாருங்கள். கடும் சுற்றல் வந்த இரண்டு மூன்று நாளுக்கு அவை சரி. நீண்ட நாள் சாப்பிட்டால், குறிப்பாகக் கடைசி இரண்டும், இடது பக்கத்தை வைத்துச் சமாளிக்க மூளை கற்றுக்கொள்வதைத் தடுத்துவிடும். கற்றுக்கொள்ளப் பயிற்சி வேண்டும். சுவரில் ஒரு எழுத்தை ஒட்டி, பார்வையை அதில் நிறுத்திக்கொண்டு தலையை இடம் வலமாக ஒரு நிமிடம் அசைப்பது, ஒரு காலின் முன் ஒரு காலாக வைத்துச் சுவரோரம் நடப்பது. நாளுக்கு மூன்று தடவை. முதல் வாரம் சுற்றல் கூடும், பயந்து விட்டுவிடாதீர்கள். இரவில் குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். ஆற்றிலும் குளத்திலும் தலை முழுகும்போது கண்ணை மூடினால் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகலாம். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் இறங்க வேண்டாம்.

ஒரு காதில் மட்டும் கேட்பவருக்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தெரியாது. சாலையைக் கடக்கும்போது ஹாரனை நம்பாமல் இருபுறமும் பாருங்கள். வகுப்பில் மாணவர்கள் உங்கள் இடப்பக்கம் வரும்படி மேசையை மாற்றிப் போடுங்கள். வலது காதில் சாதாரண காது கேட்கும் கருவி வாங்கிவிடாதீர்கள். 36 சதவீதக் காதில் அது இரைச்சலைத்தான் பெரிதாக்கும். வலப்பக்கச் சத்தத்தை இடது காதுக்கு அனுப்பும் 'கிராஸ்' வகைக் கருவியை ஒரு வாரம் சோதனைக்குக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். இடது காதை இனி ஒற்றைக் கண் போலப் பாதுகாக்க வேண்டும்: ஆண்டு விழா ஒலிபெருக்கியின் பக்கத்தில் நிற்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசி என்றால் 'எனக்கு ஒரு காதுதான்' என்று முதலிலேயே சொல்லுங்கள்.

சித்த மருந்து பற்றி: இந்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து எந்த வைத்திய முறையிலும் இல்லை. இரண்டு காதிலும் பரம்பரையாகக் கட்டி வரும் வேறு வகை நோயில் மட்டும் பெவாசிசுமாப் என்ற ஊசியைப் பயன்படுத்துகிறோம், உங்களுக்கு அது இல்லை. பிள்ளைகளைச் சோதிக்கவும் தேவையில்லை. சித்த மருந்து சாப்பிட்டபோது கட்டி வளராமல் நின்றது என்று சொல்பவர்கள் இருப்பார்கள். பாதிக்கு மேற்பட்ட கட்டிகள் எதுவும் சாப்பிடாமலே நிற்கின்றன என்பதை மேலே பார்த்தோம். என்ன சேர்ந்தது என்று சொல்லாத செந்தூரம், பற்பம் வேண்டாம். சிறுநீரகம் கெட்டால் அடுத்த எம்.ஆர்.ஐ.க்கு மருந்து ஏற்றுவதே பிரச்சினையாகிவிடும். செல்போனால் வந்ததா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் 'இருக்கக்கூடும்' என்ற பட்டியலில்தான் வைத்தது, உறுதியான நிரூபணம் இல்லை. எந்தக் காதில் போன் பேசினோம் என்று நினைத்து வருந்த வேண்டாம்.

காலையில் எழும்போதே தலைவலியும் வாந்தியும், இரட்டைப் பார்வை, வலது கன்னமோ நாக்கோ மரத்தல், விழுங்கும்போது புரையேறுதல், பகல் வெளிச்சத்திலும் தள்ளாடுதல்: இவற்றில் எது வந்தாலும் ஆறு மாதக் கணக்கு ரத்து. நேரே மதுரைக்கு.

எம்.ஆர்.ஐ. எடுத்த தேதியை நீங்கள் எழுதவில்லை. ஆறு மாதம் என்பது அந்தத் தேதியிலிருந்து, இதைப் படிக்கும் தேதியிலிருந்து அல்ல. ஏற்கெனவே மூன்று மாதம் ஓடியிருந்தால் இந்த வாரமே பெங்களூரிலோ வேலூரிலோ அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள், அடுத்த படத்தை அங்கேயே, அவர்கள் இயந்திரத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.